பந்தல் போட்ட நான்கு நாட்கள்

ஆடி மாதம் எங்கள் தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் வார்த்தபோது, பந்தலுக்காகத் தெருவின் இரு முனைகளிலும் மூங்கில் கட்டி, நான்கு நாட்களுக்கு வண்டிகள் வராமல் அடைத்துவிட்டார்கள். முதல் நாள் மாலையே, யாரும் அழைக்காமல், பதினைந்து இருபது பிள்ளைகள் தெருவில் இறங்கிவிட்டார்கள். கைப்பேசியை விட்டு எழுந்திருக்கமாட்டாள் என்று நான் ஓயாமல் குறைகூறும் என் ஒன்பது வயது மகளும் அவர்களில் ஒருத்தி. இருட்டிய பிறகு அவளை வீட்டுக்குள் கூட்டிவர நான் இரண்டு முறை கீழே போக வேண்டியிருந்தது.

நான் வளர்ந்ததும் சென்னையின் இதே மடிப்பாக்கத்தில்தான். அன்று எங்களுக்கென்று யாரும் திடல் அமைத்துத் தரவில்லை. உரிமையாளர் எங்கோ இருக்க, வேலியில்லாமல் கிடந்த காலி மனைகளே எங்கள் ஆடுகளம். அவை ஒவ்வொரு கிரவுண்டாக அடுக்ககங்களாயின. பெரிய கட்டுமானங்களுக்கு நிலத்தில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும் என்ற விதி தமிழ்நாட்டில் உண்டு. ஆனால் 3,000 சதுர மீட்டருக்கு உட்பட்ட மனைகளை அது தொடுவதில்லை. ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 223 சதுர மீட்டர். இப்படிச் சிறுகச் சிறுக நிரம்பிய தெருவில் எந்த விதியும் மீறப்படாமலேயே விளையாட இடம் இல்லாமல் போயிற்று. அடுக்ககத்தின் தரைத்தளம் முழுவதும் கார்கள். தூணில் ‘பந்து விளையாடக் கூடாது’ என்ற பலகை வேறு.

பூங்கா இல்லாமல் இல்லை. நடந்தால் ஆறு நிமிடம். ஆனால் நடுவே தண்ணீர் லாரிகளும் ஷேர் ஆட்டோக்களும் ஓடும் சாலை கிடக்கிறது. நடைபாதை பெயரளவுக்குக்கூட இல்லை. ஆகவே எனக்கு ஓய்வு கிடைக்கும் நாளில்தான் அவளுக்கு விளையாட்டு.

இங்கிலாந்தில் மேயர் ஹில்மன் (Mayer Hillman) என்ற ஆய்வாளரின் குழுவினர் 1990இல் வெளியிட்ட ஆய்வு இதையே எண்களில் காட்டியது. ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளில் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குச் சென்றவர்கள் 1971இல் 80 விழுக்காடு. 1990இல் வெறும் 9. அதே காலத்தில் சாலையில் இறந்த பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்திருந்தது. அதைச் சாலை பாதுகாப்பானதற்கு அடையாளமாக ஹில்மன் ஏற்கவில்லை. பிள்ளைகள் சாலையிலிருந்து விலக்கப்பட்டதே காரணம் என்றார். என் வீட்டிலும் கதை அதுதான். என் மகளுக்கு இதுவரை ஒரு சிராய்ப்புகூட இல்லை என்று நான் பெருமைப்பட்டுக்கொள்வது உண்டு.

அந்த நான்கு நாட்களில் வேறொன்றையும் கவனித்தேன். இஸ்திரி வண்டிக்காரருக்கு எந்தப் பிள்ளை எந்த வீடு என்பது தெரிந்திருந்தது. திருவிழா வேலையாகத் திண்ணைகளிலும் நாற்காலிகளிலும் அமர்ந்திருந்த பெண்கள் பேச்சினூடே எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார்கள். மேலே பால்கனியிலிருந்த எனக்குத் தனியாகக் காவல் காக்கும் வேலை இருக்கவில்லை.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 2009 முதல் பெற்றோர் சிலர் மாலையில் ஓரிரு மணி நேரம் தம் தெருவை வண்டிகளுக்கு அடைத்துப் பிள்ளைகளை விளையாட விடுகிறார்கள். நகராட்சியே அதற்கு அனுமதி தருகிறது. பந்தல் பிரித்த வாரம், ஞாயிறு மாலை நான்கு முதல் ஆறு வரை நாமும் அப்படிச் செய்தால் என்ன என்று எங்கள் குடியிருப்போர் கூட்டத்தில் கேட்டேன். “நல்ல யோசனைதாங்க,” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். “ஆனா அந்த ரெண்டு மணி நேரம் வண்டியை எங்கே விடுறது?”