கீபோர்டுக்கு அடியில் இருந்த சீட்டு

மார்ச் 3, திங்கள்

இன்று முதல் இது என் தலையில். பத்து வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும் எங்கள் புராஜெக்ட் மேனேஜ்மென்ட் மென்பொருளின் முகத்தை மாற்ற வேண்டும். மூன்று மாதம் கேட்டேன், ஆறு வாரம் கிடைத்தது. நடப்பதை அன்றன்றைக்கு எழுதி வைக்கலாம் என்று இருக்கிறேன். பின்னால் யாராவது "ஏன் அப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டால் எனக்கே ஞாபகம் இருக்காது.

காலையில் 'புதிய டாஸ்க்' ஸ்கிரீனை பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டினேன். 17 கட்டங்கள். தலைப்பு, விவரம், பொறுப்பாளர், டெட்லைன் வரை சரி. அப்புறம் முன்னுரிமை என்று ஒன்று, அவசரம் என்று ஒன்று, தீவிரம் என்று இன்னொன்று. மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று டீமில் மூன்று பேரைக் கேட்டேன். மூன்று பதில் வந்தது. 'செலவுக் குறியீடு' என்பது கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம். போன மாத டாஸ்க்குகளை எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி மட்டும் இருக்கிறது. நிரப்பாமல் விடமாட்டேன் என்கிறதே, ஒரு புள்ளியை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் பின்னால், ஏதோ ஒரு மீட்டிங்கில் யாரோ ஒருவர் "இதையும் சேர்த்துடுங்களேன்" என்று சொன்ன கதை இருக்கிறது. சொன்னவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். கட்டம் மட்டும் போகவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் 'புது டிசைன்' என்று நானும் ஒன்று செய்தேன். கலரை மாற்றினேன், பட்டன்களின் மூலையை வளைத்தேன், ஐகான்களைப் புதிதாக வரைந்தேன். வெளியான அன்று ஒருவர் கேட்டார்: "என்ன, ஃபான்ட் மாத்திட்டீங்களா?" ஃபான்ட்டை மட்டும்தான் நான் தொடவே இல்லை.

மார்ச் 5, புதன்

இன்று ஒரு ஸ்கிரீனும் வரையவில்லை. ஒரு டீமின் வேலைகளை ஒருங்கிணைக்கிற அக்கா ஒருவரின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். "நான் இருக்கேன்னு நினைக்காம வேலையைப் பாருங்கக்கா" என்றேன். "அது எப்படி தம்பி முடியும்?" என்றார். பத்து நிமிஷத்தில் என்னை மறந்துவிட்டார்.

ஒரு டாஸ்க் முடிந்தது என்று குறிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. லிஸ்ட்டைத் திறந்தார். தன் டீமின் டாஸ்க் மட்டும் தெரிய ஃபில்டர் போட்டார். மூன்றாம் பக்கத்துக்குப் போய் டாஸ்க்கைத் திறந்தார். ஸ்டேட்டஸ் டிராப்டவுன் பக்கத்தின் உச்சியில் இருக்கிறது. சேவ் பட்டனோ 17 கட்டங்களையும் தாண்டி அடியில். மாற்றினார், உருட்டிக்கொண்டே கீழே போனார், சேவ் கொடுத்தார். சக்கரம் சுற்றியது. 'வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது' என்று ஒரு பெட்டி வந்தது, அதற்கு ஒரு ஓகே. திரும்பி லிஸ்ட்டுக்கு வந்தால் ஃபில்டர் போயே போச்சு. முதல் பக்கம், முதல் வரி. அவர் சலித்துக்கொள்ளக்கூட இல்லை. கை தானாக மறுபடி ஃபில்டரைப் போட ஆரம்பித்தது. இன்றைக்கு அவர் குறிக்க வேண்டியிருந்தது 11 டாஸ்க்.

"ஒவ்வொரு தடவையும் இப்படித்தானா?"

"எப்படி?" என்றார்.

உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். 'பயனர் குறைகள்' என்ற எங்கள் ஃபைலில் இந்த ஃபில்டர் விஷயம் ஏன் ஒருமுறைகூட வரவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இன்னொன்று. கீபோர்டுக்கு அடியிலிருந்து அடிக்கடி ஒரு சீட்டை இழுத்துப் பார்த்தார். நான்காக மடித்த தாள். அன்றைய வேலைகள் பென்சிலில் வரிசையாக. சிலவற்றை அடித்திருந்தார். சிலவற்றின் பக்கத்தில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஓர் எழுத்து.

"இது என்னக்கா?"

"இதுதான் நிஜ லிஸ்ட். அது மேல இருக்கறவங்களுக்கு" என்று மானிட்டரைக் காட்டினார்.

மார்ச் 6, வியாழன்

இன்னும் நான்கு பேருடன் உட்கார்ந்தேன். 'எத்தனை சதவீதம் முடிந்தது' என்ற கட்டத்தில் 90 போட்ட டாஸ்க்குகள் வாரக்கணக்கில் 90-லேயே நிற்கின்றன. ஒரு டெவலப்பரிடம் விசாரித்தேன். "100 போட்டா அடுத்த வேலை வந்துடும். 50 போட்டா ஏன் 50-ன்னு மெயில் வரும். 90-ன்னா யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல."

இதற்கு எந்த மாதிரி பட்டன் வரைவது?

மார்ச் 10, திங்கள்

மேனேஜர்களுடன் மீட்டிங். லாகின் செய்ததும் டேஷ்போர்டு வர வேண்டும், அதில் ஒன்பது சார்ட் வேண்டும், எந்த வேலை எப்போது தொடங்கி எப்போது முடியும் என்று பட்டைகளாகக் காட்டும் காண்ட் சார்ட் எல்லாவற்றுக்கும் மேலே பெரிதாக வேண்டும்.

மதியம் அந்தக் காண்ட் சார்ட்டின் பூர்வீகத்தைக் கொஞ்சம் புரட்டினேன். 1910-களில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் அதைப் பரப்பிய ஹென்றி காண்ட்டின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. ஆனால் போலந்துப் பொறியாளர் கரோல் அடமியெட்ஸ்கி 1896-லேயே இதே மாதிரி ஒன்றை வரைந்திருக்கிறார். அவர் எழுதியது போலிஷிலும் ரஷ்யனிலும் என்பதால் மற்றவர்கள் கண்ணில் படவில்லை. எப்படியானாலும் அது மேற்பார்வை பார்ப்பவருக்கான படம். எந்த வேலை எங்கே பின்தங்குகிறது என்பது தள்ளி நின்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும், அதற்காகப் பிறந்தது. தள்ளி நின்று பார்க்கவும் ஒருவர் வேண்டும்தான், நான் மறுக்கவில்லை.

வேலைகளை அட்டைகளாக அடுக்கிக் காட்டும் கான்பன் பிறந்த இடம் வேறு. டொயோட்டாவில் தாயிச்சி ஓனோ வளர்த்தெடுத்த முறையில் அது தொழிலாளியின் கையில் புழங்கிய அட்டை. அடுத்த கட்டத்தில் இருப்பவருக்கு உதிரிப்பாகம் தேவைப்பட்டால்தான் அட்டை முந்தைய கட்டத்துக்குப் போகும். அட்டை வராமல் யாரும் எதையும் செய்து குவிக்கக் கூடாது. அந்த வரம்புதான் அதன் உயிர். எங்கள் மென்பொருளிலும் கான்பன் பலகை இருக்கிறது, அட்டை இருக்கிறது, இழுத்துப் போடலாம், நிழல்கூட அழகாக விழும். வரம்பு மட்டும் கிடையாது. ஒரு டீமின் 'செய்துகொண்டிருப்பவை' பத்தியில் இன்று 46 அட்டைகள். அந்த டீமில் ஆறு பேர்.

கடைசியில் பேரம் இப்படி முடிந்தது: டேஷ்போர்டு தனிப் பக்கம், லாகின் செய்ததும் வரும் பக்கம் வேலை செய்கிறவருடையது. பதிலுக்கு ஏழு துண்டு உள்ள வட்டப் படம் ஒன்றுக்குத் தலையாட்டிவிட்டேன். அதைப் பார்த்து யாரும் எந்த முடிவும் எடுக்கப் போவதில்லை. ஆனால் பிரசன்டேஷனில் நன்றாக இருக்கும்.

மார்ச் 14, வெள்ளி

சேவ் பட்டனுக்காக முழு நாளும் சண்டை.

லிஸ்ட்டிலேயே, அந்த வரியிலேயே ஸ்டேட்டஸை மாற்றலாம், சேவே வேண்டாம் என்பது என் யோசனை. மென்பொருளை எளிதாகப் பயன்படுத்த முடிகிறதா என்று ஆராயும் ஜேக்கப் நீல்சன் 1993-இல் எழுதிய கணக்கு ஒன்று உண்டு: 0.1 விநாடிக்குள் பதில் வந்தால் நாமே கையால் செய்த மாதிரி இருக்கும், 1 விநாடி வரை யோசனை அறுபடாது, 10 விநாடியைத் தாண்டினால் மனசு வேறு எங்கோ போய்விடும். எங்கள் சர்வர் 0.1 விநாடியில் பதில் சொல்லாது. அதனால் திரையில் உடனே மாற்றிக் காட்டிவிட்டு, பின்னாலேயே சர்வருக்கு அனுப்பலாம் என்றேன்.

பேக்கெண்ட், அதாவது சர்வர் பக்க வேலை, பார்க்கும் நண்பர் விடவில்லை. "சர்வர் முடியாதுன்னு சொல்லிட்டா? நீ காட்டினது பொய்யாயிடுமே. டாஸ்க்கை மாத்தினவர் பார்த்துட்டு ஜன்னலை மூடிட்டுப் போயிருப்பார்." நியாயமான கேள்வி. அடுத்து, ஒரே டாஸ்க்கை இரண்டு பேர் ஒரே நேரத்தில் மாற்றினால் யாருடையது நிற்கும்? இதுவும் நியாயமான கேள்விதான், எனக்கு அப்போது பதில் தெரியவில்லை.

சாயங்காலம் ஒரு முடிவுக்கு வந்தோம். ஸ்டேட்டஸ், பொறுப்பாளர், டெட்லைன் மூன்றும் வரியிலேயே மாறும், சேவ் கிடையாது, கீழே எட்டு விநாடிக்கு 'செயல்நீக்கு' என்ற பட்டை வரும். சர்வர் மறுத்தால் வரி பழைய நிலைக்குத் திரும்பி, காரணம் அதே வரியில் நிற்கும், அவராக மூடும்வரை போகாது. அதற்குள் வேறொருவர் மாற்றியிருந்தால் அவர் பெயரைச் சொல்லி, எது வேண்டும் என்று கேட்கும். விவரம் எழுதும் இடத்தில் மட்டும் சேவ் பட்டன் இருக்கட்டும். பாதி எழுதிய வாக்கியம் மற்றவர் திரையில் போய் நிற்பதை யாரும் விரும்பமாட்டார்கள்.

அப்புறம் அந்த ஓகே பெட்டி. அதைத் தூக்க ஒருவர்கூட எதிர்ப்புச் சொல்லவில்லை. இத்தனை வருஷம் அது யாருக்காக இருந்தது?

மார்ச் 19, புதன்

டெஸ்டிங்கில் இருக்கும் ஒருவர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: எங்கள் ஸ்டேட்டஸ் புள்ளிகளில் சிவப்பும் பச்சையும் அவருக்கு ஒரே மாதிரிதான் தெரிகின்றனவாம். நான்கு வருஷமாக மவுஸை மேலே வைத்து, வரும் எழுத்தைப் படித்துத்தான் வேலை பார்த்திருக்கிறார். வடக்கு ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் 100-க்கு சுமார் 8 பேருக்குச் சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு உண்டு என்று எப்போதோ படித்து, ஸ்லைடிலும் போட்டிருக்கிறேன். பக்கத்து மேசையில் ஒருவர் இருப்பது தெரியாமல்தான்.

புள்ளிகள் போயின. இனி ஒவ்வொரு ஸ்டேட்டஸுக்கும் ஒரு வடிவம், பக்கத்தில் சொல்.

அதே சூட்டில் மற்றதையும் அளந்தேன். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 கான்ட்ராஸ்ட் (வெளிச்ச வித்தியாசம்) வேண்டும் என்கிறது, இணையப் பக்கங்களை எல்லாரும் பயன்படுத்த வழிகாட்டும் டபிள்யூசிஏஜி நெறிமுறை. வெள்ளையில் எங்கள் செல்லமான வெளிர் சாம்பல் 2.8-ஐத் தாண்டவில்லை. 2023-இல் வந்த 2.2 பதிப்பு இன்னும் இரண்டு விஷயம் சொல்கிறது: அழுத்தும் இடம் குறைந்தது 24-க்கு 24 பிக்சல், இழுத்துச் செய்யும் எதையும் இழுக்காமலும் செய்ய வழி. அட்டையில் 'நகர்த்து' என்று ஒரு மெனு சேர்த்தேன். கை நடுக்கம் உள்ளவருக்கு என்று நினைத்துச் சேர்த்தது. டச்பேடில் வேலை பார்க்கும் எல்லாரும் அதையே பயன்படுத்தப் போகிறார்கள் என்று ஒரு சந்தேகம்.

மார்ச் 20, வியாழன்

17 கட்டங்கள் 4 ஆயின. மீதி 13 'மேலும்' என்பதற்குள். செலவுக் குறியீட்டைக் கட்டாயமில்லாமல் ஆக்க இரண்டு மெயிலும், அந்தப் புள்ளிகளின் ஸ்கிரீன்ஷாட்டும் தேவைப்பட்டன.

மார்ச் 26, புதன்

ஐந்து பேரிடம் புரோட்டோடைப்பை, அதாவது சோதனைக்கான மாதிரியை, கொடுத்துப் பார்த்தோம். வரியிலேயே ஸ்டேட்டஸ் மாற்றுவது எல்லாருக்கும் சொல்லாமலே வந்தது. நான் ரொம்பவும் ஆசையாகச் செய்த 'இன்று' பக்கம்தான் விழுந்தது.

இன்றைக்குத் தேவையான ஆறு டாஸ்க்கை மட்டும் காட்டும், மற்றதெல்லாம் கண்ணிலிருந்து மறையும். மனசு லேசாகும் என்று நினைத்தேன். முதல் ஆள் திறந்ததும் முகம் மாறியது. "என் மத்த டாஸ்க்கெல்லாம் எங்க?" அடுத்தவர் பேசவே இல்லை, நேராகத் தேடல் பெட்டிக்குப் போய்க் காணாமல் போன டாஸ்க்கின் பெயரை அடித்தார். மூன்றாமவர் லாக்அவுட் செய்து மறுபடி லாகின் செய்தார். வெள்ளையாக விட்ட இடத்தைப் பார்த்து, டேட்டா அழிந்துவிட்டது என்று மூன்று பேர் பயந்திருக்கிறார்கள்.

ராத்திரி அடியில் ஒரு வரி சேர்த்தேன்: 'இன்னும் 23 டாஸ்க் உள்ளன. காட்டு.'

ஏப்ரல் 2, புதன்

தமிழ் லேபிள்கள் வந்து சேர்ந்தன. ஆங்கிலத்தில் நாலெழுத்தில் அடங்கிய பட்டன் 'தாமதமானவை' ஆனதும் பக்கத்துப் பட்டன்மேல் ஏறி உட்கார்ந்தது. இது தெரிந்த கதைதான். தெரியாத கதை ஒன்றும் இருந்தது. வரி உயரத்தை ஆங்கில எழுத்துக்கு அளந்து வைத்திருந்தேன். 'ஒதுக்கீடு' என்ற சொல்லின் உச்சி வெட்டுப்பட்டு, அது 'கி'யா 'கீ'யா என்று தெரியவில்லை. 'முடிந்தவை' புள்ளியை இழந்து 'முடிநதவை' ஆகிவிட்டது. வீட்டில் பேசுகிற பாஷை, அதையே கடைசியில் சோதித்திருக்கிறேன். வரி உயரத்தை 1.2-லிருந்து 1.6 ஆக்கினேன், எல்லா ஸ்கிரீனும் கீழே நீண்டது, பாதி நாள் போயிற்று.

ஏப்ரல் 8, செவ்வாய்

இரண்டு டீமுக்கு மட்டும் திறந்துவிட்டோம். ஒரு மணி நேரத்தில் முதல் கோபம் வந்தது. ஒரு நாளைக்கு 30, 40 டாஸ்க் போடுகிற ஒருவர். "நல்லா இருந்ததை ஏன் சார் கெடுத்தீங்க?"

போய்ப் பார்த்தேன். பழைய ஸ்கிரீனைத் திறந்து காட்டினார். மவுஸைத் தொடவே இல்லை. தலைப்பு, டேப், டேப், பெயரின் முதல் இரண்டு எழுத்து, டேப், தேதி, நாலு டேப், ஒரு புள்ளி, எண்டர். விரல் போன வேகத்தில் கண் போகவில்லை. நான் சிரித்த அந்த 17 கட்டங்களும் அவருக்கு ஒரு தாளம். புது ஸ்கிரீனில் டேப் அடித்தால் முதலில் மூடும் பட்டனுக்குப் போகிறது, அப்புறம் 'மேலும்'. அந்த வரிசையை யாரும் திட்டமிடவில்லை, புரோகிராம் கோடில் எது முதலில் இருந்ததோ அது முதலில் வந்தது. நானும் மவுஸால் மட்டுமே சோதித்திருந்தேன்.

மன்னிப்புக் கேட்டேன். நாளைக்கே சரிசெய்வதாகச் சொன்னேன்.

ஏப்ரல் 9, புதன்

டேப் வரிசை சரியானது. அவர் மூன்று டாஸ்க் போட்டுப் பார்த்தார். "ம்" என்றார். போதும்.

ஏப்ரல் 17, வியாழன்

எல்லா டீமுக்கும் திறந்து மூன்று நாள் ஆகிறது. அக்காவின் பக்கத்தில் மறுபடி நாற்காலி. ஒன்பது டாஸ்க்கை வரிசையாக முடித்தார், லிஸ்ட்டை விட்டு நகரவே இல்லை. ஃபில்டர் இருந்த இடத்திலேயே இருந்தது. "நல்லாத்தான் தம்பி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே கீபோர்டைத் தூக்கிச் சீட்டை எடுத்தார்.

எனக்கு முகம் விழுந்திருக்க வேண்டும். "இதையும் விட்டுடணுமா?" என்று சிரித்தார்.

கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். முன்பு தாள் முழுக்க எழுதியிருந்தது. இப்போது நாலே வரி, நாலிலும் வட்டம், வட்டத்துக்குள் எழுத்து. முதல் நாளே இதைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். "வட்டம்னா என்னக்கா?"

"என் கையில இல்லாதது. உள்ள இருக்கறது யார் கையில இருக்குன்னு. இந்தா, இது டிசைனுக்குப் போய் ஒரு வாரம் ஆச்சு. நான் கேட்டாதான் வரும். உங்க லிஸ்ட்ல இது என் பேர்ல, நான் ஏதோ தூங்கிட்டு இருக்கற மாதிரி நிக்குது."

90-இல் நின்ற டாஸ்க்குகள் ஞாபகம் வந்தன. அவற்றில் எத்தனை இப்படி யாரையாவது எதிர்பார்த்து நின்றிருக்கும்? எங்கள் ஸ்டேட்டஸ் டிராப்டவுனில் ஐந்து சொல் இருக்கின்றன, அவற்றில் ஒன்றுகூட 'காத்திருக்கிறது' இல்லை.

சீட்டை போனில் படம் எடுத்துக்கொண்டேன். அந்த ஒரு வாரமாக வராத வரியில், வட்டத்துக்குள் இருந்தது என் பெயரின் முதல் எழுத்து.