அப்பாவின் மழைக் கணக்கு

22 அக்டோபர் 2024, சுங்கை சிப்புட், மலேசியா

அப்பாவைத் தகனம் செய்து ஒரு நாள் ஆகிறது. அவருடைய தகரப் பெட்டியைத் திறக்கும்படி அம்மா இன்று சொன்னார். மேலே, மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் புத்தகம் இருந்தது. பத்து பத்து வெள்ளியாக (ரிங்கிட்டாக) அப்பா கட்டிச் சேர்த்த பங்கு அது. அதன் அடியில், தோட்டத்து எழுத்தரான கிராணியின் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்ப்பதற்காகத் தம் வேலை நாள்களை அவரே குறித்துவைத்த நோட்டுப் புத்தகங்கள் பதினொன்று.

25 அக்டோபர்

மூன்று நாள்களாக அவற்றையே படிக்கிறேன். சுற்றிலும் எண்ணெய்க்கான செம்பனையாகிவிட்ட இக்காலத்தில், அப்பா வேலை செய்த பால்மரத் (ரப்பர்) தோட்டத்தில் மழை என்றால் என்னவென்று என் பிள்ளைகளுக்குத் தெரியாது. பட்டை நனைந்துவிட்டால் பால் வெட்டுக்கோட்டில் நில்லாமல் மரமெங்கும் வழிந்தோடிவிடும், பால் பிடிக்கும் கிண்ணமான மங்கில் விழுந்த பாலையும் மழைநீர் கெடுத்துவிடும். ஆகவே விடியலில் மழை பிடித்தால் வேலை இல்லை, அன்றாடக் கூலிக்காரருக்குச் சம்பளமும் இல்லை. அம்மா அரிசிப் பானையை எட்டிப் பார்ப்பார். நாங்களோ, இன்று நினைத்தால் நெஞ்சு உறுத்துகிறது, அப்பா வீட்டில் இருப்பார் என்று மகிழ்ந்தோம்.

அந்த நாள்களையும் அவர் வெறுமையாக விடவில்லை. “மழை. வேலை இல்லை. பெரியவளுக்கு ஏழாம் வாய்ப்பாடு.” “மழை. வேலை இல்லை. பள்ளிப் பை தைத்தேன்.” “மழை. வேலை இல்லை. சின்னவனுக்குக் காய்ச்சல். மடியிலேயே தூங்கினான்.” அந்தச் சின்னவன் நான். அந்தக் காய்ச்சல் எனக்கு நினைவில் இல்லை.

31 அக்டோபர்

தீபாவளி. எங்கள் வீட்டில் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் எங்கள் தலையில் எண்ணெய் வைத்தது அப்பாவின் கைதான். திருமணமான பின்னும் அக்கா அதற்காகவே விடியுமுன் தைப்பிங்கிலிருந்து வந்துவிடுவார்.

4 நவம்பர்

பதினாறாம் நாள் கருமக்கிரியை முடிந்தது. கடைசி நோட்டை அக்கா உரக்கப் படித்தார். ஓய்வுபெற்ற பிறகு கணக்குப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாதபோதும், மழை பெய்த நாள்களை மட்டும் அப்பா விடாமல் எழுதியிருக்கிறார். பக்கத்தில் எங்களில் யார் வந்தோம், யார் தொலைபேசியில் பேசினோம் என்ற குறிப்பு. என் பெயர் இருக்க வேண்டிய அளவுக்கு இல்லை.

விடியற்காலை நான்கு மணிக்கே, தோட்டத்தில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகும் நாள்களில் போலவே, அம்மா எழுந்துவிட்டார். வெளியே நல்ல மழை. கதவைத் திறந்து வானத்தைப் பார்த்துவிட்டு, படத்தின் முன் வந்து நின்றார்.

“மழைங்க. இன்னைக்கு வேலை இல்ல, படுங்க” என்றார்.