பல்லைப் பார்த்து வயது சொல்வது

பிறப்புச் சான்றிதழ் இல்லாத குழந்தையின் எக்ஸ்ரே என்னிடம் வரும்போது, கூடவே "வயசு என்னன்னு ஒரே நம்பரா சொல்லுங்க டாக்டர்" என்ற வேண்டுகோளும் வரும். ஒற்றை எண்ணாக நான் எழுதித் தருவதில்லை. அது ஏன் என்று விளக்குவதையும் என் வேலையின் பகுதியாகவே நினைக்கிறேன்.

அதிகம் புழங்குவது 1973-இல் டெமிர்ஜியனும் அவர் குழுவினரும் வெளியிட்ட முறை. கீழ்த்தாடையின் இடப்பக்கத்து ஏழு நிரந்தரப் பற்களை எடுத்துக்கொண்டு, சுண்ணாம்புச் சத்து படியத் தொடங்குவதிலிருந்து வேர் நுனி மூடுவது வரை எட்டுக் கட்டங்களில் ஒவ்வொரு பல்லும் எதில் நிற்கிறது என்று பார்த்து, மதிப்பெண்களைக் கூட்டி, அப்புறம் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக உள்ள அட்டவணையில் வயதைத் தேட வேண்டும். பல் ஈறுக்கு வெளியே வந்துவிட்டதா என்பதை மட்டும் நம்ப முடியாது, ஏனென்றால் பால்பல்லை முன்கூட்டியே பிடுங்கியிருந்தாலோ தாடையில் இடம் பற்றாவிட்டாலோ அந்தக் கணக்கு குழம்பிவிடும். உள்ளே நடக்கும் வளர்ச்சி அப்படி எளிதில் தடம் மாறாது. சத்துக்குறைவுகூட எலும்பை உலுக்கும் அளவுக்குப் பல்லை உலுக்குவதில்லை.

சரி, சிக்கல் எங்கே? அந்த அட்டவணை பிரெஞ்சு கனடியக் குழந்தைகளைப் பார்த்துப் போட்டது. வேறு நாட்டுக் குழந்தைகளுக்குப் பயன்படுத்தினால் பெரும்பாலும் வயதைக் கூட்டிக் காட்டுகிறது, 1998-இல் வந்த ஒரு தென்னிந்திய ஆய்வில் சராசரியாக 3 ஆண்டுக்கு நெருக்கமாக! 2001-இல் வில்லெம்ஸ் பெல்ஜியக் குழந்தைகளைக் கொண்டு திருத்திய அட்டவணை பல இடங்களில் இதைவிடப் பொருந்துகிறது.

இதை வைத்து 'இனத்துக்கு இனம் பல் வேறு' என்று முடிவு கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரே ஊரில், ஒரே வயதுப் பிள்ளைகளுக்குள்ளேயே வித்தியாசம் பெரிதாக இருக்கிறது. தவிர, ஆய்வில் எந்த வயதுப் பிள்ளைகள் அதிகம் இருந்தார்களோ அந்தப் பக்கம் கணக்கு சாய்ந்துவிடும், அதையும் சேர்த்துத்தான் 'மக்கள் கூட்டங்களுக்கு இடையிலான வேறுபாடு' என்கிறார்கள்.

16 வயதை ஒட்டி இந்த ஏழு பற்களின் வேரும் மூடிவிடும். மிஞ்சுவது ஞானப்பல், அதுவோ சிலருக்கு உருவாவதே இல்லை, உருவானாலும் ஆளுக்கு ஆள் பல ஆண்டுகள் முன்பின் ஆகும். சட்டம் கேட்பதோ பெரும்பாலும் 18 ஆகிவிட்டதா என்பதைத்தான். கூட்டிக் காட்டும் அட்டவணையால் 16 வயதுப் பிள்ளை பெரியவராகிவிட்டால், சிறாருக்கான பாதுகாப்பு மொத்தமும் கைவிட்டுப் போகும். அதனால் என் அறிக்கையில் குறைந்தபட்ச வயது, அதிகபட்ச வயது, எந்தக் குழந்தைகளை வைத்து உருவான அட்டவணை என மூன்றையும் எழுதாமல் கையெழுத்துப் போடுவதில்லை.