திரிபோஷா

மார்ச் 4

சின்னவளுக்கு 20 வாரம். வயிற்றுப் பிள்ளைக்கு மண்டையோடு வளரவில்லையாம். பிறந்தால் சில மணி நேரம், மிஞ்சினால் ஓரிரு நாள். டொக்டர் ஆறுதலாகத்தான் சொன்னார். அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஹட்டன் பஸ் ஸ்டாண்டில், "அக்கா, ஒரு வடை வாங்கித் தர்றியா" என்றாள்.

மார்ச் 5

மழையில் கொழுந்து எடுத்ததால்தான் என்கிறார் அவள் மாமியார். அப்புறம் கிரகணத்தன்று வெளியே போனதால் என்கிறார். மிட்வைஃப் மிஸ் சொன்னது வேறு. முதல் 28 நாளுக்குள் மூட வேண்டிய குழாய் மூடவில்லை. அந்த 28 நாளில் தான் உண்டாகியிருப்பதே இவளுக்குத் தெரியாது. மலையில் கூடையோடு நின்றிருப்பாள்.

மார்ச் 9

கருக்கலைப்பு பற்றிய இலங்கைத் தண்டனைச் சட்டம், 303ஆம் பிரிவு. 1883இல் எழுதியது, கோப்பி செத்துத் தேயிலை நட்ட காலம். தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டும் கலைக்கலாம். இல்லையென்றால் 3 வருசம் வரை சிறை, வயிற்றில் பிள்ளை அசையத் தொடங்கியபின் என்றால் 7. கலைத்துக்கொண்ட பெண்ணுக்கும் அதேதான். 1995இல் மாற்றப் பார்த்து விட்டுவிட்டார்கள். 2017இல் வல்லுறவுக்கும் இப்படிப் பிழைக்காத கருவுக்கும் விலக்குக் கொடுக்க யோசனை வந்தது. கத்தோலிக்க ஆயர்கள் எதிர்த்தார்கள், அதுவும் நின்றது.

மார்ச் 14

எல்லோரும் வந்து சொல்லிவிட்டுப் போகிறார்கள். அம்மாயி: "உசுரு அவன் போட்டது, அவனே எடுக்கட்டும்." கோயில் ஐயா, கருவை அழிப்பது பெரும் பாவம் என்றார். கீழ் லயத்து அக்கா ஜெபமாலையோடு வந்தாள். கரு உண்டான அந்த நிமிடமே உயிர் என்பது அவர்கள் நம்பிக்கை. 120 நாளில் ரூஹ், அதாவது உயிர், ஊதப்படும் என்றார் கடை முஸ்லிம் நானா. அதுவும் தாண்டிவிட்டது. வார்டில் சிங்கள நர்ஸ், புத்தர் சொன்ன ஒழுக்கங்களில் கொல்லாமைதான் முதல் சீலம் என்றாள், சொல்லிக்கொண்டே இவள் தலையைத் தடவி அழுதாள். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

ராத்திரி திருவாசகத்தை எடுத்தேன். போற்றித் திருவகவலில், கருவிலிருக்கும் உயிர் மாதம் மாதமாக எதிலிருந்தெல்லாம் தப்பி வருகிறது என்று வரும். ஒவ்வொரு 'பிழைத்தும்' என்ற இடத்திலும் நாக்கு நின்றது. பத்தாம் மாதத்துக்கு வந்தால் 'தாயொடு' என்று இருக்கிறது. தாயோடு சேர்ந்து படும் துக்கம். மாணிக்கவாசகருக்குத் தாயும் ஞாபகம் இருந்திருக்கிறது. இங்கே வந்தவர்களில் ஒருவராவது சின்னவளைக் கேட்டார்களா?

மார்ச் 15

அசைந்ததாம்.

மார்ச் 18

கிளினிக். வழக்கம்போல இரண்டு பக்கெட் திரிபோஷா, கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் சத்துமா. தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடித்தாள். விரலில் ஒட்டியதையும் நக்கிச் சாப்பிட்டாள். "பிள்ளைக்கு" என்றாள். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மார்ச் 21

தோட்டத்தின் மேல் பிரிவில், மேல் கணக்கில், போன வருசம் ஒருத்தி கருவைக் கலைக்க எங்கேயோ மாத்திரை வாங்கிப் போட்டு, காய்ச்சல் ஏறி, நஞ்சு பரவிப் போய்ச் சேர்ந்தாள். பயந்து கடைசி வரை ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. நினைக்கக் கூடாது என்று பார்த்தாலும் அவளே வருகிறாள்.

மார்ச் 22

நானே கேட்டேன். உனக்கு என்ன வேணும்?

"அன்னைக்கே கேட்டிருந்தா முடிச்சிருங்கனு சொல்லியிருப்பேன். இப்ப அசையுது. இப்ப கேக்காத அக்கா."

நானும் 18 நாள் கழித்துத்தான் கேட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 13

நாளை புது வருசம். வளைகாப்புப் பேச்சை வீட்டில் யாரும் எடுக்கவில்லை. ஒரு டசன் பச்சைக் கண்ணாடி வளையல் வாங்கி வரச் சொன்னாள். கை வீங்கியிருக்கிறது, சோப்புப் போட்டுத்தான் ஏற்றினேன். இரண்டு உடைந்தன.

ஏப்ரல் 22

27 வாரம். மறுபடியும் இரண்டு பக்கெட்.