கீச்சிடும் கேமரா

"கேனான் ஏஈ-1, நல்ல கண்டிஷன்." இன்று கண்ணில் பட்ட பழைய ஃபிலிம் கேமரா விற்பனை விளம்பரம். கூடவே ஒரு வீடியோ.

ஷட்டர் அடித்ததும் 'கீச்ச்' என்று ஓர் இழுப்பு. ஆஸ்துமாக்காரர் மூச்சு விடுவதுபோல.

மிரர் பக்கத்துப் பல்சக்கரத்தில் எண்ணெய் வற்றிப்போன சத்தம் அது. சரியான இடத்தில் ஒரு சொட்டு போதும். கூடினால் ஷட்டர் திரைவரை வழிந்து, வேலை இரட்டிப்பாகும்.

1976-இல் வந்த மாடல். வெளிச்சம் புகாமல் தடுக்கும் பின்கதவு ஃபோம் பிசுபிசுத்துப் போயிருக்கும். லென்ஸ் துவாரத்தை முழுதாகத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல் தெரிந்தால் பூஞ்சைதான்.

நன்றாக ஓடும் கேமராவின் விலையில் சர்வீஸ் கூலி, ஃபோம், லென்ஸ் சுத்தம் எல்லாவற்றையும் கழியுங்கள். மிச்சம்தான் நியாய விலை.

"பேட்டரி இல்லை, டெஸ்ட் பண்ணலை" என்கிறாரா? 6 வோல்ட் பேட்டரி இல்லாமல் இதில் ஷட்டரே விழாது. உதிரிபாகங்களுக்காக வாங்குவதாக நினைத்து, அந்த விலைக்குத்தான் கேட்க வேண்டும்.