மதினி எடுத்து வைத்துவிட்ட மாத்திரை

எங்கள் மதினிக்கு முதல் பிள்ளையின்போது எட்டாம் மாதத்தில் பிரஷர் ஏறி, முகமெல்லாம் வீங்கி, தோட்டத்து லொறியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இப்போது இரண்டாவது. கிளினிக்கில் டொக்டர் அதைக் கேட்டதுமே குறைந்த அளவு அஸ்பிரின் எழுதிக்கொடுத்தார். ஆனால் லயத்தில் யாரோ "அது ரத்தத்த எளக்குற மருந்து புள்ள, கரு கலைஞ்சிரும்" என்று சொல்ல, மாத்திரை காகித உறையோடு சாமித் தட்டுக்குப் போய்விட்டது.

அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். கரு தங்கிய முதல் மாதங்களில் கருப்பைச் சுவரிலுள்ள சுருள் சுருளான சின்ன இரத்தக்குழாய்களுக்குள் நஞ்சுக்கொடியின் கலங்கள் புகுந்து, அவற்றின் தசையைக் கரைத்து அகலமாக்குகின்றன, வாய்க்காலை வெட்டி அகலப்படுத்துகிற மாதிரி. இருபதாம் வாரமளவில் இந்த வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். சரியாக நடக்காவிட்டால் குழாய்கள் ஒடுங்கியே இருக்கும், பிள்ளைக்கு இரத்தம் போதாது, பின்னால் தாய்க்கும் பிரஷர் ஏறும். குருதிச் சிறுதட்டுகள் என்ற, இரத்தத்திலுள்ள நுண்ணிய துணுக்குகள் விடுகிற த்ரொம்பொக்சேன் என்ற இரசாயனம் குழாயைச் சுருக்கி இரத்தத்தையும் உறையவைக்கும். கொஞ்சமான அஸ்பிரின் அதைத்தான் அடக்குகிறது.

அதனால்தான் பன்னிரண்டாம் வாரத்தை ஒட்டியே தொடங்கச் சொல்கிறார்கள். 2017இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஆபத்து கூடிய தாய்மாருக்கு 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி 36ஆம் வாரம் வரை இரவில் 150 மில்லிகிராம் கொடுத்தார்கள். 37 வாரத்துக்கு முன்பே பிரசவம் பார்க்கவேண்டிய அளவுக்குப் பிரஷர் நோய் வந்தவர்கள், மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 4.3 வீதம், அஸ்பிரின் எடுத்தவர்களில் 1.6 வீதம்தான். நம் பக்கம் மூன்று மாதம் முடியும் வரைக்கும் வெளியே சொல்லாமல் இருக்கிற பழக்கம் இருக்கிறதே, சொந்தக்காரருக்குச் சொல்லாவிட்டால் பரவாயில்லை, மிட்வைஃபுக்கு மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இரத்த ஓட்டத்தைக் கூட்டும் என்று கேள்விப்பட்ட எதையும் தானாக வாங்கிப் போடவும் கூடாது. குழாயை விரிக்கிற சில்டெனாஃபிலை, வளர்ச்சி குன்றிய சிசுக்களுக்காக நெதர்லாந்தில் தாய்மாருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறந்த பிள்ளைகள் சிலர் நுரையீரல் கோளாறால் இறந்துபோக, 2018இல் அந்த ஆய்வையே நிறுத்தினார்கள். அஸ்பிரினும் எல்லாத் தாய்மாருக்கும் இல்லை. கடையில் தலைவலிக்கு விற்கிற 300 மில்லிகிராம் மாத்திரை இதற்குப் பதிலாகாது. வயிற்றுப்புண், ஆஸ்துமா, அலர்ஜி இருந்தால் டொக்டரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும், இரத்தம் பட்டால் அன்றைக்கே போய்க் காட்ட வேண்டும்.

மதினியைத் திரும்பக் கூட்டிப்போனோம். டொக்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். இப்போது ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணனே தண்ணியோடு எடுத்துக் கொடுக்கிறார்.