கைக்கோடாரி கண்ணில் பட்டால்

எண்ணூரில் கடலோடு கலக்கும் கொசஸ்தலையாற்றின் படுகையில்தான், பூண்டிக்குப் பக்கத்தில், அத்திரம்பாக்கம் இருக்கிறது. 1863-இல் புவியியலாளர்கள் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் அங்கே கைக்கோடாரி (ஆதிமனிதர் கையில் பிடித்து வெட்டச் செதுக்கிய கல்) முதலான கற்கருவிகளைக் கண்டார்கள். அவற்றில் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டு முந்தியவை என்று 2011-இல் தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு உறுதிசெய்தது. கல் எவ்வளவு காலம் மண்ணுக்குள் மூடிக் கிடந்தது, சுற்றியிருந்த மண்ணில் பதிந்த காந்தத் திசை என்ன என்ற இரண்டையும் வைத்துக் கிடைத்த கணக்கு அது. கலையாத மண்ணடுக்கு இல்லாமல் இந்த வயதே கிடைத்திருக்காது.

ஆகவே பெரம்பூரிலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் ஞாயிறு காலை பூண்டிப் பக்கம் பைக்கில் போகிறவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: கல்லை எடுக்காதீர்கள். மழை முடிந்ததும் ஓடைப் புறம்போக்கில் செம்மண் சரளை அரித்து, குவார்ட்சைட் என்ற கெட்டிப் பாறையில் செய்த கருவிகள் தானாக வெளியே தெரியும். அதைப் பையில் போட்டால் ஒன்றோடொன்று உரசி விளிம்பு தெறிக்கும். ஆதிமனிதர் செதுக்கியபோது விழுந்த பழைய செதில் தழும்பு பழுப்பேறியிருக்கும். புதிய தெறிப்பு வெளுப்பாகத் தெரியும். தேய்த்துக் கழுவினால் ஒட்டியிருந்த மண்ணும் போய்விடும். எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று சொல்ல மிஞ்சியிருந்த கடைசித் துப்பு அந்த மண்தான்.

கிடக்கிறபடியே மூன்று படம் எடுங்கள்: பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒன்று (பத்து ரூபாய் நாணயமும் போதும், விட்டம் 27 மி.மீ.), நான்கடி தள்ளி நின்று ஒன்று, ஓடைக்கரையின் மண்ணடுக்கு முழுவதும் தெரிய ஒன்று. போன் மேப்பில் இடம் நிலைத்த பிறகு அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறியுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இடக்குறிப்பு அழிந்துவிடும். அதிகாரிக்கு டாக்குமென்டாக அனுப்புங்கள். ஃபேஸ்புக்கில் இடத்தைப் போடவே வேண்டாம். போட்டால் அடுத்த வாரமே மண்வெட்டியோடு ஆள் போவார்கள்.

பிறகு கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண் கேட்டு, திங்கள்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுங்கள். நகல் எழும்பூர் தமிழ் வளர்ச்சி வளாகத்திலுள்ள தொல்லியல் துறைக்கு. புதைந்திருந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். என்ன பொருள், எங்கே, எந்தத் தேதியில் கிடைத்தது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

மணலி, மீஞ்சூர் பக்கம் மனை மேடாக்க வரும் கிராவல் லோடிலும் கண் வையுங்கள். அதில் கருவி தென்பட்டால் அதன் அடுக்கு ஏற்கெனவே அழிந்துவிட்டது. ஆனால் லாரியின் நடைச்சீட்டில் குவாரி எந்தக் கிராமம் என்று இருக்கும். அதைப் படமெடுத்து அன்றைக்கே அனுப்பினால், குவாரியில் மிச்சமிருக்கும் மண்ணையாவது காப்பாற்றலாம்.

ஸ்ரீபெரும்புதூர்ப் பாறைப் படிவுகளில் புதைபடிவமாகப் பதிந்திருக்கும் இலைத்தடங்களுக்கு இந்தப் பாதுகாப்பும் இல்லை. புதைபடிவங்களுக்கென்று தனி மத்தியச் சட்டம் இன்னும் வரவில்லை, 2022-இல் வரைவு மட்டும் வந்தது. 10 கோடி ஆண்டுக்கும் மேற்பட்ட அந்தக் களிப்பாறை வெயிலில் காய்ந்தால் ஏடு ஏடாகப் பிரியும். ஃபெவிகால் தடவாதீர்கள், உளியால் பிளக்காதீர்கள். படமெடுத்து, இடத்தைக் குறித்து, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கு எழுதுங்கள்.